சிநேகம் என்ற ஒரு சொல்
(எல்லையோரப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் அன்பு பற்றி)

'சிநேகம்' என்று தமிழில் சொன்னால் நட்பு என்று பொருள் கொள்வோம். அதே சொல்லை மலையாளத்தில் சொன்னால் அன்பு, பாசம், காதல் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த இரண்டு பொருளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இடங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் உண்டாகும் பிரியம் நட்பா, காதலா என்று பெரியவர்கள் குழம்புகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமே வந்ததில்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி முதலிய தலைவர்கள் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரை வட்டத்தையும் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை சந்தை தமிழ்நாட்டில், அடுத்துள்ள பாறசாலை கேரளத்தில் என்றானது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, வீடுகளுக்குள் விழவில்லை. அம்மா வீடு இந்தப் பக்கம், அப்பா வீடு அந்தப் பக்கம் என்ற குடும்பங்கள் ஏராளம்.

இத்தகைய ஊரில் நட்புக்கு என்ன பெயர்? மலையாளப் பிள்ளை 'கூட்டுகாரி' என்கிறது. குமரித் தமிழ்ப் பிள்ளை 'எனக்க கூட்டுக்காரி' என்கிறது. மற்றத் தமிழ் ஊர்களில் சண்டை வந்தால் 'உன்கூட காய்' என்பார்கள். சமாதானம் ஆனால் 'பழம்'. மலையாளப் பிள்ளை 'ஞான் நின்னோடு கூட்டில்ல' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சண்டை முற்றினால் 'கூட்டு வெட்டி' என்று அறிவித்துவிடும். மலையாளத்தின் 'பிணக்கம்', நம் பழந்தமிழ்ப் 'பிணக்கு' அல்லவா? வேண்டியவர்கள் மேல் மட்டுமே வரக்கூடிய கோபம் அது. பிள்ளைகளின் அன்பு இப்படிச் சேர்வதும் முறிவதும் மறுபடி சேர்வதுமாகவே இருக்கிறது. அதற்கு 'நட்பு' என்றோ 'காதல்' என்றோ முத்திரை குத்தும் அவசரம் பெரியவர்களுடையது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். குறுந்தொகை 229ஆம் பாட்டில் மோதாசனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். உடன்போக்காகச் செல்லும் இருவரைக் கண்டவர்கள் பேசிக்கொள்கிறார்கள்: சிறுவயதில் இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுப்பான், அவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், செவிலியர் விலக்கினாலும் நிற்காது, இன்று பாருங்கள், இணைத்துக் கட்டிய மலர்மாலைபோல் போகிறார்கள் என்று. கலித்தொகை 51இல் கபிலர் காட்டும் தலைவனும் சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன்தான். விளையாட்டுச் சண்டையில் அன்பின் வித்தைக் கண்ட மரபு நம்முடையது.

கடல் கடந்தும் ஒரு நாட்டைப் பார்ப்போம். ஜப்பானியர் முதல் காதலை 'ஹட்சுகோய்' என்ற ஒரே சொல்லால் குறிப்பர். ஷிமாசாகி தோசன் 1897இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் அந்தத் தலைப்பிலேயே ஒரு புகழ்பெற்ற கவிதை உண்டு. அங்கே தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகள். அவ்வப்போது வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைப்பார்கள். பக்கத்தில் யார் வருவார் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். இரண்டு பேரைக் கேலி செய்ய வேண்டுமானால் கரும்பலகையில் ஒரு குடையை வரைந்து, கம்பியின் இருபுறமும் அவர்கள் பெயரை எழுதிவிடுவார்கள். நம் பக்கத்தில் சுவரில் கரிக்கட்டையால் இரண்டு பெயரை எழுதி நடுவே கூட்டல் குறி போடுகிறோமே, அதேதான்!

இந்தக் கேலி ஏன்? எலனார் மக்கோபி, கேரல் ஜாக்லின் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஆறரை வயதுப் பிள்ளைகள் எதிர்பாலாரோடு செலவிடும் நேரத்தைப்போல் 11 மடங்கு நேரத்தைத் தம் பாலாரோடு செலவிடுவதாகக் கண்டார்கள். ஆண், பெண் என்று தாமாகவே பிரிந்து நிற்கும் வயது அது. கோட்டைத் தாண்டி ஒருவர் போனால் மற்றவர்கள் கேலி செய்து திருப்பி இழுப்பார்கள். ஆனால் பிரிந்து நிற்பதால் பிரியமே இல்லை என்று பொருளில்லை. எலைன் ஹாட்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல், நான்கு வயது முதற்கொண்டே பிள்ளைகள் ஒருவர்மேல் தீவிரமான பிரியம் கொள்வதாகச் சொல்வதைப் பதிவு செய்தார்கள். பிரியம் இருக்கிறது, சொல்லத்தான் வெட்கம்.

என் வகுப்பிலும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். தமிழ் பேசும் வீடு அவனுக்கு, மலையாள வீடு அவளுக்கு. உச்சைக்கஞ்சியும் பயறும் சாப்பிட்டு முடித்ததும் சிலேட்டில் அவள் மலையாள எழுத்தைப் போட்டுக் காட்டுவாள். அவன் 'ழ' எழுதித் தருவான். ஒருநாள் சுவரில் இருவர் பெயரும் ஏறிவிட்டது. ஆசிரியை ஒன்றும் பேசாமல் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். வீட்டில் ஆனால் அவனைக் கூப்பிட்டு வைத்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவன் அவளோடு பேசவில்லை. நான்காம் வகுப்போடு பள்ளியும் முடிந்தது. இப்போது பார்த்தாலும் அவன் பிழையில்லாத மலையாளம் பேசுவான். கேட்டால், "அவ சொல்லித் தந்ததாக்கும்" என்பான். அவளோடு பேசாமல் விட்டதைத்தான் இன்றும் வருத்தத்தோடு சொல்வான்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிள்ளையின் பிரியத்தைக் கேலி செய்யவும் கூடாது, குற்றமாக்கவும் கூடாது. அந்த ஆசிரியையின் ஈரத்துணிதான் சரியான வழி. "அந்தப் பிள்ளையோட என்ன விளையாண்டே?" என்று இயல்பாகக் கேட்டால் போதும், நாளைக்குப் பெரிய சங்கடம் வந்தாலும் நம்மிடம் வந்து சொல்லும்.

மற்றது மொழி பற்றியது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழையும், கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தையும் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கின. சட்டம் எழுத்தைக் கற்றுத் தரும். ஆனால் கோபித்துக்கொள்ளவும், சமாதானம் ஆகவும், இரகசியம் சொல்லவும் ஒரு மொழி வேண்டுமே! அதை ஒத்த வயதுப் பிள்ளைதான் கற்றுத் தர முடியும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் தாத்தா பாட்டியிடமும் பெற்றோரிடமும் மட்டும் பேசும் மொழி. 'சாப்பிட்டியா', 'படிச்சியா' என்பதற்கு மேல் அது வளராததில் வியப்பில்லை.

ஆகவே சங்கத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். அரைமணி நேரம் விளையாட விடுங்கள். தமிழில் 'காய்' விடவும் 'பழம்' விடவும் ஒரு கூட்டுக்காரன், ஒரு கூட்டுக்காரி கிடைக்கட்டும். பள்ளியில் கன்னடத்திலோ இந்தியிலோ மலையாளத்திலோ ஒரு சிநேகம் வந்தால் அதையும் வாழ்த்துங்கள். அதனால் தமிழுக்கு ஒரு குறைவும் வராது.