ஒரு நாற்காலி... இரண்டு ஊசி!

'ஒரு ஊசிக்கே வலி பாதி குறைஞ்சுதே... இன்னொண்ணு போட்டா முழுசாப் போயிடாதா டாக்டர்?' என்று கேட்பவர்கள் உண்டு. அபின் வம்சத்து மருந்துகளிடம் இந்தக் கணக்கு செல்லாது!

மூளையில் 'மியூ' என்று ஏற்பிகள் இருக்கின்றன. நாற்காலி என்று வைத்துக் கொள்ளுங்கள். மார்ஃபின் உட்கார்ந்தால் வலி அடங்கும். மார்ஃபின் மாத்திரைக்குப் பழகிப்போன புற்றுநோயாளி, விழுந்து கையை முறித்துக்கொண்டு வருகிறார். காஷுவாலிட்டியில் பென்டசோசின் ஊசி போட்டால்..? அது மார்ஃபினைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து கொள்ளும், வேலையோ அரைகுறை! (சில ஆபீஸ்களில் பார்த்ததுதான்.) வலி ஏறலாம், வியர்வை, வாந்தியும் சேரலாம்.

மார்ஃபினும் ஃபென்டனிலும் ஒரே கட்சி. சேர்ந்தால் வலி மட்டுமல்ல, மூச்சும் குறையும். அதற்குத்தான் நர்ஸ் மூச்சை எண்ணுவதும், இரண்டையும் எழுப்பிவிடும் நலாக்ஸோன் ஊசி பக்கத்தில் இருப்பதும்.

'என்ன மாத்திரை சாப்பிடறீங்க?' என்றால், 'ஏதோ வெள்ளை மாத்திரை ஸார்' என்னாமல் சீட்டைக் காட்டுங்கள்.