கிளப்பின் பெயரா, பெண்ணின் திறமையா?

"பெரிய கிளப்பில் சேர்த்தால்தான் காலேஜில் எடுப்பாங்களாமே, நிஜமா?"

இங்கே கலிபோர்னியாவில், என் மகளோடு சாஃப்ட்பால் ஆடும் பெண்களின் அம்மாக்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது.

பாதி நிஜம்தான். காலேஜ் கோச்சுகளால் ஊர் ஊராக அலைய முடியுமா? பெயர் பெற்ற கிளப்புகள் மோதும் கோடைப் பந்தயங்களுக்குத்தான் முக்கியமாக வருகிறார்கள். ஒரு கிளப் முன்பு அனுப்பிய பெண்கள் நன்றாக ஆடியிருந்தால், அடுத்தவளையும் நம்பிப் பார்க்கிறார்கள்.

ஆனால் பெயர் கதவைத்தான் திறக்கும். பெரிய கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை யார் கவனிப்பார்கள்? அதைவிட, தவறாமல் களத்தில் இறக்கும் சின்ன கிளப்பே மேல்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை பேர், எந்தெந்தக் காலேஜுக்குப் போனார்கள்? என் பெண்ணை எத்தனை ஆட்டத்தில் இறக்குவீர்கள்? பயணச் செலவு எவ்வளவு?

எட்டாம் வகுப்பிலேயே "இடம் வாங்கித் தர்றோம்" என்றால் நம்பாதீர்கள். 2018-ல் வந்த விதிப்படி, முதல் டிவிஷன் காலேஜ் கோச்சுகள், பெண் 11-ஆம் வகுப்புக்கு வரும் செப்டம்பர் 1 வரை அவளோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. மூன்றாம் டிவிஷனிலோ விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கே மார்க்தான் கைகொடுக்கும்.

ஆகவே படிப்பை விட வேண்டாம். ஆட்டத்தை வீடியோ எடுங்கள்; கோச்சுக்குக் கடிதத்தை மட்டும் அவளே எழுதட்டும்!