நீரும் பனியும் ஆலங்கட்டியும்: ஐப்பசி மழையை முன்வைத்து ஒரு விளக்கம்

தொழுகையின் தொடக்கத்தில் ஓதப்படும் துஆக்களுள் ஒன்று, பாவங்களை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மையாக்குமாறு இறைவனிடம் வேண்டுவதாகும். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள அந்த துஆவை நாம் சிறுவயது முதலே மனனம் செய்திருக்கிறோம். அதில் வரும் மாஉ, தல்ஜ், பரத் என்னும் மூன்று சொற்களுள் முதலாவதான நீரை அன்றாடம் காண்கிறோம். மூன்றாவதான ஆலங்கட்டியைக் கோடை இடிமழையின்போது எப்போதாவது காண்கிறோம். நடுவிலுள்ள தல்ஜ், அதாவது வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து தரையில் படியும் பனி, நம் ஊர்களில் எவரும் காணாத ஒன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலை ஓதும் மாணவர், மழைக்காகத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சட்டத்தில் உருகும் பனியும் ஆலங்கட்டியும் மழையைப் போன்றவையே என்று படிக்கிறார். டமாஸ்கஸில் வாழ்ந்த இமாமவர்களுக்கு அது கண்ணால் கண்ட செய்தி. காஞ்சிபுரத்து மாணவருக்கோ அது ஏட்டுச் செய்தி.

ஆயினும், பனி பொழியும் நாடுகளில் அதனைப் பொழிவிக்கும் நியதிக்கும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஏரிகளை நிரப்பும் நியதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகின் மிகப்பெரிய ஏரி, அரபு நூல்கள் ‘பஹ்ருல் கஸர்’ என்று குறிப்பிடும் காஸ்பியன் ஆகும். கடல் என்று பெயர் பெற்றிருப்பினும் நாற்புறமும் நிலம் சூழ்ந்த நீர்நிலையே அது. பரப்பு மூன்றரை இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அதன் தென்மேற்குக் கரையில் ஈரானின் கீலான் மாகாணமும் அதன் தலைநகராகிய ரஷ்த் நகரமும் உள்ளன. கோடை முழுவதும் வெயிலை வாங்கி வெம்மையடைந்த நீர், இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் அவ்வெம்மையை எளிதில் இழப்பதில்லை. நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிரும். நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். அந்நேரத்தில் வடக்கேயுள்ள ருஷ்யச் சமவெளிகளிலிருந்து குளிர்ந்த வறண்ட காற்று ஏரியின்மீது வீசுகிறது. காற்றின் அடிப்பகுதி நீரிலிருந்து வெப்பத்தையும் ஆவியையும் பெறுகிறது. வெம்மையடைந்த காற்று இலேசாகி மேலெழுகிறது. மேலே குளிர்ந்து மேகமாகத் திரள்கிறது. தென்கரையில் அல்புர்ஸ் மலைத்தொடர் அதனைத் தடுத்து மேலும் உயர்த்துகிறது. கரைக்காற்றில் போதிய குளிர் இல்லாதபோது அம்மேகம் மழையாகவும், குளிர் மிகும்போது பனியாகவும் இறங்குகிறது. 2005 பிப்ரவரியில் ரஷ்த் நகரத்தையே முடக்கிய பெரும்பனி இவ்வாறு வந்ததே. அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் உள்ள தெஹ்ரானுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை, ரஷ்தின் மழையில் ஐந்தில் ஒரு பங்களவே.

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலும் இதனையே காண்கிறோம். 2014 நவம்பரில் பஃபலோ நகரின் தெற்குப் பகுதிகளில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் பனி குவிந்தது. சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலமே விழுந்தது. 2022 நவம்பரில் அந்நகரை அடுத்த ஊர்களில் ஏறத்தாழ 2 மீட்டர் பனி பதிவாயிற்று. ஏரியின் நீளவாக்கில் காற்று வீசும்போது மேகம் ஒடுங்கிய பட்டையாகத் திரள்வதால், பட்டைக்குள் அகப்பட்ட ஊர் புதையும். அடுத்த ஊரில் வெயில் காயும். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்று, ஏரி நீரைவிடக் குறைந்தது 13 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தாலே இத்தகைய பனி தோன்றும் என்பது வானிலை அறிஞர்களின் அளவுகோல். ஏரி உறைந்துவிட்டால் ஆவி எழுவது தடைப்பட்டுப் பனிப்பொழிவும் ஓய்ந்துவிடும். ஆகவே பனியை விளைவிப்பது காற்றின் குளிர் மட்டுமன்று. நீரின் வெம்மையும் அதற்கு வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுவதால் திருமுக்கூடல் எனப் பெயர் பெற்ற ஊர், உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை அங்கு நடந்ததை, பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு கூறுகிறது. கடற்கரை அங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வங்கக் கடலே நமக்கு அந்தப் பேரேரி. அக்டோபர் பிற்பகுதியில், ஆசியக் கண்டத்தின் வடபகுதி குளிர்ந்து அங்கே காற்றழுத்தம் மிகுகிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. தமிழர் அதனை வாடை என்றனர். அக்காலத்தைக் கூதிர் என்றனர். நிலத்திலிருந்து வறண்டு புறப்படும் அக்காற்று, ஏறத்தாழ 28 பாகை வெம்மையுள்ள கடற்பரப்பில் நெடுந்தொலைவு கடந்து ஈரம் சுமந்து நம் கரையை அடைகிறது. இரவில் நிலம் குளிர்ந்து கடலை நோக்கி வீசும் காற்று, எதிரே வரும் இந்த ஈரக்காற்றைக் கரையோரம் சந்தித்து மேலே தள்ளுகிறது. கடலோர ஊர்களில் ஃபஜ்ருக்கு முந்திய நேரத்தில் மழை வலுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். காஸ்பியன் கரையில் ஏரியும் குளிர்காற்றும் மலையும் சேர்ந்தே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகின்றன. இங்கோ கடலிலிருந்து ஈரக்காற்று வருவது மட்டும் போதாது. கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களுமே அந்த ஈரத்தைத் திரட்டிப் பெருமழையாக்குகின்றன. அவை வாராவிடில் கடல் நிறைந்திருந்தும் நிலம் வறளும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தரும் இப்பருவம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுவதன் காரணம் இதுவே.

அப்படியானால் நமக்கு ஏன் பனி இல்லை? காற்று உறையும் நிலையை அடைய இங்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரம் செல்ல வேண்டும். ஐப்பசி மேகங்கள் பல அதற்கும் மேலே வளர்கின்றன. அவற்றின் உச்சியில் பனித்துகள்கள் உருவாகவே செய்கின்றன. கீழிறங்கும் வழியில் உருகி மழைத்துளியாகி விடுகின்றன. எனவே நம் வயலில் விழும் நீரின் ஒரு பகுதி, சற்று முன்னர் வானில் தல்ஜாக இருந்ததே. துஆவில் வரும் மூன்று சொற்களும் ஒரே பொருளின் மூன்று நிலைகள் என்பது இதனால் தெளிவாகிறது.

அரபு மொழியும் இப்பருவத்தோடு உறவுடையது. ‘மான்சூன்’ என்று உலகம் வழங்கும் சொல், ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பரவியது. அடையாளமிடுதல் என்னும் பொருளுடைய ‘வஸம’ அதன் மூலம். அதே மூலத்திலிருந்து பிறந்த ‘வஸ்மீ’ என்பது, அரபகத்தில் அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் முதல் வாரம் வரை பெய்து, பசும்புல்லால் பூமிக்கு அடையாளமிடும் மழையின் பெயர். நம் ஐப்பசி, கார்த்திகையும் அதே நாட்களே. அல்பீரூனீ தம் இந்திய நூலில், மேகங்கள் மலைகளில் மோதி ஒலிவமும் திராட்சையும் பிழியப்படுவதுபோல் பிழியப்படுவதாக விளக்குகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அவ்விளக்கம் அல்புர்ஸ் மலைக்கு அப்படியே பொருந்துகிறது.

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 43ஆம் வசனம், மேகங்கள் ஓட்டப்பட்டு, இணைக்கப்பட்டு, குவிக்கப்பட்டு, மழை வெளிப்படுவதைச் சொல்கிறது. அதனையடுத்து வானிலுள்ள மலைகளையும் ஆலங்கட்டியையும் குறிப்பிடுகிறது. ‘மலைகள்’ என்பதை நேர்பொருளில் கொண்ட விரிவுரையாளரும் உண்டு. மிகுதியைக் குறிக்கும் உவமை எனக் கொண்டோரும் உண்டு. ஸமக்ஷரீ இரு கருத்துகளையும் எடுத்துரைக்கிறார். இன்றைய வானிலை நூலின் ஒரு பக்கத்தை எடுத்து அவ்வசனத்தின்மீது ஒட்டி, இதுவே அதன் பொருள் என்று அறுதியிடுவது முறையன்று. அறிவியல் திருத்தப்படும், வேதம் திருத்தப்படுவதில்லை. காரணங்களை ஆராய்வது காரணங்களைப் படைத்தவனை மறுப்பதாகாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி இதற்குச் சான்றாகும். வெள்ளிக்கிழமை உரையின்போது ஒருவர் வறட்சியை முறையிட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள். ஒரு வாரம் மழை பெய்தது. அடுத்த வெள்ளியன்று சேதம் முறையிடப்பட்டபோது, மழையை நிறுத்திவிடுமாறு அவர்கள் வேண்டவில்லை. மதீனாவின்மீது அன்றி, சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்குமிடங்களிலும் பொழியுமாறே வேண்டினார்கள். மழை அருள்தான், ஆனால் அது சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அடுத்த ஆண்டே, 2016இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. அந்த நபிமொழியின் இரு வெள்ளிக்கிழமைகளையும் நாம் இரு ஆண்டுகளில் கண்டோம். மிகுந்த ஆண்டின் நீரைக் குறைந்த ஆண்டிற்குக் கொண்டுசெல்லவே முன்னோர் ஏரிகளை வெட்டினர்.

கி.பி. 921இல், கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவோடு பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபழ்லான், அக்குளிர்காலத்தை குவாரிஸ்மில் கழித்தார். ஜைஹூன் ஆறு பதினேழு சாண் கனத்திற்கு உறைந்து, வணிகக் கூட்டங்கள் அதன்மீது சாலையில் செல்வதுபோல் சென்றதை அவர் எழுதியுள்ளார். அதே 921இல்தான் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிற்று. அவ்விதிகளில் ஆறு உறுப்பினர் கொண்ட ஏரி வாரியமும் அடங்கும். அங்கே மனிதர் உறைந்த நீரின்மீது நடந்தனர்; இங்கே ஓடும் நீரைத் தேக்க விதி செய்தனர்.

அந்த ஏரிகளின் மதகும் கலங்கலும் வரத்துக் கால்வாயும் இன்றும் நம் பொறுப்பில் உள்ள அமானிதங்களே. கால்வாயை மறித்து எழும்பிய கட்டடம் பள்ளிவாசலுக்கு உரியதாயினும் வேறெவருக்கு உரியதாயினும், அது பிறர் உரிமையைப் பறிப்பதே. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில், ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. நம் பள்ளிகளின் ஒளூக் குழாய்களை அந்த அளவு நினைவில் இருக்கும்படி அமைப்பதும், கூரையில் விழும் ஐப்பசி மழையைக் கிணற்றுக்குத் திருப்புவதும் ஜமாஅத்துகள் இப்பருவத்திற்கு முன்பே செய்து முடிக்கக்கூடிய பணிகள். நீராலும் பனியாலும் தூய்மை வேண்டும் நாம், அந்த நீரை வீணாக்காதிருப்பதும் அவ்வேண்டுதலின் ஒரு பகுதியே ஆகும்.