பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் படித்தவர்களுக்கு ஏழு பருவங்கள் மனப்பாடம். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும். பேரிளம்பெண்ணுக்குப் பாட்டியல் மரபு தரும் வயது 32 முதல் 40 வரை. சரி, நாற்பத்தொன்றில் அவள் யார்? இலக்கணத்தில் பதில் கிடையாது. வீதியில் வரும் தலைவனைக் கண்டு மயங்குகிற உடலாக மட்டுமே பெண்ணைப் பகுத்த பிரதி, அந்த மயக்கத்துக்குத் தான் விதித்த வயது முடிந்ததும் வகைப்பாட்டையே இழுத்து மூடிவிடுகிறது.

பேச்சுவழக்கு இந்த இடத்தை ஒரே தொடரில் கடக்கிறது: 'நின்னு போச்சு.' எது நின்றது என்று யாரும் சொல்வதில்லை. இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்னும். எங்கள் ஊர்ப் பெண்கள் இதைச் சொல்கையில் ஒரு நிம்மதியும் கூடவே வரும். இனி தீட்டு இல்லை, கோயில் விசேஷத்துக்கு நாள் எண்ண வேண்டாம். இந்த விடுதலையும் தீட்டு விதி தானே பார்த்துக் கொடுத்த வயதுச் சலுகைதான். ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், உறவின்போது வலி இவற்றுக்கு அந்தத் தொடரில் இடமில்லை. 'வயசானா அப்படித்தான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உடலில் நடப்பதென்ன? சூலகம் ஒரே நாளில் கதவடைப்பதில்லை. சில ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பிறகு வெகுவாகக் குறைகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராதிருந்தால் அது மாதவிடாய் நிறுத்தம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் 51ஐ ஒட்டி. மூளையில் உடல்வெப்பத்தைச் சீராக்கும் பகுதி குழம்புவதால்தான் திடீரென்று மேலெல்லாம் தகிக்கிறது. எலும்பு வேகமாகத் தேய்கிறது. இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இதே உடலைப் பற்றி மேற்கில் இன்னொரு சொல்லாடல் உருவானது. 1966இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன் 'ஃபெமினின் ஃபாரெவர்' நூலில் இதை ஹார்மோன் குறைபாட்டு நோய் என்றார். மாத்திரை சாப்பிட்டால் பெண் என்றைக்கும் பெண்ணாக இருக்கலாமாம். மருந்துக் கம்பெனிகளின் பணம் அவருக்குப் போனது பின்னால் வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பவர்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் கூடுவது 1975இல் தெரிந்தது. 2002இல், கூட்டு ஹார்மோன் குறித்த பெரிய அமெரிக்க ஆய்வொன்று, மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. பீதியில் லட்சக்கணக்கானோர் மாத்திரையை விட்டார்கள். மறுவாசிப்பில்தான் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது உறைத்தது. அறுபது வயதுக்குள், அல்லது நின்று பத்தாண்டுக்குள், கடுமையாக அவதிப்படுகிறவர்களுக்கு, மார்பகப் புற்று, ரத்தக்கட்டு போன்றவை இல்லாத பட்சத்தில், ஆபத்தைவிடப் பயனே அதிகம் என்பது இன்றைய மருத்துவ நிலை.

ஆக, மரபு அவளைப் பெயரற்றவளாக்கியது. சந்தை நோயாளியாக்கியது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கத்தி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019இல் அரசுக் குழு விசாரித்தபோது, சுமார் 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் என்கிற இடத்தில் மாதவிடாயே உழைப்புக்குத் தடையாகிப்போகிறது. கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டியது ஒரே நாளில் வந்து இறங்கும்.

'இயற்கைதானே, விட்டுடலாம்' என்கிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓராண்டு நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது 'திரும்ப வந்திருச்சு' ஆகாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும், ஆனால் புற்றுநோய் இல்லையென்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டாக வேண்டும். அதிகப் போக்கு என்றால் கருப்பையை எடுப்பது கடைசி வழி. மருந்து உண்டு, ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் உண்டு. உலர்வுக்கும் வலிக்கும் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. ஐம்பதுக்கு முன் நின்றால் இரண்டாண்டும், பின் நின்றால் ஓராண்டும் கருத்தடை தேவை. கேழ்வரகு, கீரை, பருப்பு, முட்டை, மீன். நடை, கொஞ்சம் பளு தூக்குவது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது. வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுவது. இதெல்லாம் வீட்டில் மற்றவர்கள் தின்றதுபோக மிச்சத்தைச் சாப்பிடுகிறவளிடம் சொல்லும் அறிவுரையாக நின்றுவிடக் கூடாது. அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதும் அரசியல்தான்.

நம் கதைகளில் இந்த வயதுப் பெண் மாமியாராக வருகிறாள், அம்மாவாக வருகிறாள். நடுராத்திரி எழுந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்கிறவளாக எத்தனை கதைகளில் வந்திருக்கிறாள்? எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.