‘டூ... பைவ்’ என்று பிரித்துச் சொல்! ரேடியோவில் வாய் குழறினால் உயிர் போகும்

வீராம்பட்டினம்,
மோட்டார் இரைச்சலில் ‘ஏழு’ என்றால் ‘எட்டு’ என்று காதில் விழும். வீராம்பட்டினம் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். படகில் இன்னொரு தடவை கத்திக் கேட்டுக்கலாம். ஆகாய விமானத்தில் அதற்கு நேரம் ஏது?

இந்த ஊருக்கு வடக்கே லாஸ்பேட்டை விமான நிலையம். 2024 டிசம்பரில் பெங்களூர், ஐதராபாத் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கின. அங்கே ஓடுபாதை ஒன்றுதான், நம்பர் இரண்டு! கடல் பக்கமிருந்து இறங்கினால் 25. கடலைப் பார்த்து இறங்கினால் 07. யாரோ இஷ்டத்துக்கு வைத்த நம்பர் அல்ல. திசைகாட்டி காட்டும் சுமார் 250 டிகிரியில் கடைசி சைபரை வெட்டினால் 25. எழுபது டிகிரிக்கு 07.

எப்படிச் சொல்வது?

இதை ‘ட்வென்டி பைவ்’ என்று சேர்த்துச் சொல்லக்கூடாது. ‘டூ... பைவ்’ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் ‘செவன்’ போதாது, ‘சீரோ செவன்’. பைவும் நைனும் கொரகொரப்பில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள். டவர் சொன்ன நம்பரை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “ம்... சரி” என்பதெல்லாம் அங்கே செல்லாது.

583 பேர் பலி

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனரீப் தீவு. ஓடுபாதையில் பனிமூட்டம். பான் அமெரிக்கன் ஜம்போவை 3-வது திருப்பத்தில் விலகச் சொன்னது டவர். விமானிகளுக்கு ‘பர்ஸ்ட்’டா, ‘தேர்ட்’டா என்று சந்தேகம். திரும்பக் கேட்டார்கள். டவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே சொன்னது. அப்படியும் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எதிரே கே.எல்.எம். ஜம்போ, அனுமதி வருமுன்பே சீறிப் பாய்ந்தது. “காத்திரு” என்று டவரும், “இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்” என்று பான் அமெரிக்கனும் ஒரே நேரத்தில் பேச, கே.எல்.எம். காதில் விழுந்தது ‘கீச்’ என்ற சத்தம்தான். மொத்தம் 583 பேர் செத்தார்கள்.

22 என்றார், 26-ல் ஏறினார்

நம்பரை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. 2006 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் லெக்சிங்டன். கிளம்பும்போது டவர் கொடுத்தது 22. விமானி திருப்பிச் சொன்னதும் 22. போய் நின்றதோ 26-ல். அது குட்டைப் பாதை! கடைசியாகப் புறப்பட அனுமதி கொடுத்தபோது டவர் நம்பரையே சொல்லவில்லை. விமானியும் கேட்கவில்லை. கண்ணெதிரே இருந்த திசைகாட்டியையும் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. விமானம் மேலே எழும்பப் பாதை போதவில்லை.

உள்ளே இருந்தவர்கள் 50 பேர். பிழைத்தவர் துணை விமானி ஒருவர்தான்.