பிரயாணத்தின் ஒட்டுப் புத்தகம்

வெளியூர் சென்று திரும்பியவரின் சட்டைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். பஸ் டிக்கெட், சிற்றுண்டிச் சாலை ரசீது, கோயில் அர்ச்சனைச் சீட்டு, எங்கோ பொறுக்கிய ஓர் இலை என்று பலவும் விழும். மறுநாள் அவை குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அவற்றை நாள் வரிசையில் ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால் அதுவே ஒட்டுப் புத்தகம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும்படி பக்கங்களிலேயே பசை தடவிய புத்தகம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். பசைக் கிண்ணத்தோடு மல்லாட அவருக்குப் பொறுமை இல்லை போலும்!

கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்க, இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் பெரியப்பாவின் ஒட்டுப் புத்தகத்தில் ஓர் அஞ்சலட்டை உண்டு. 1963இல் தனுஷ்கோடியிலிருந்து தம் பெயருக்குத் தாமே எழுதிப் போட்டது. ஊரும் தேதியும் முத்திரையாகவே பதிந்து வந்துவிடும் என்பது அவருடைய யுக்தி. அருகில், காற்று வாரி இறைத்த மணல் சோற்றில் விழுந்ததையும், அதைக் கண்டு சிரித்த கடைக்காரரையும் பற்றி நான்கு வரிகள். மறு ஆண்டு, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலில் அவ்வூர் அழிந்தது. ரயில் வண்டி ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. இன்று அங்கே நிற்பவை இடிந்த சுவர்களே. அந்தச் சிரிப்போ நான்கு வரிகளில் இருக்கிறது. ஆகவே ஒட்டுவதைக் காட்டிலும் எழுதுவதே முக்கியம் என்பேன். அதையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும்.

இனி, செய்முறை. கெட்டியான தாள்களைத் தைத்துக் கொள்ளுங்கள். தைக்கும்போது தாள்களுக்கு இடையே, முதுகுப் பக்கமாக, விரலகலக் காகிதத் துண்டுகளையும் சேர்த்துத் தையுங்கள். இல்லாவிடில் ஒட்ட ஒட்டப் புத்தகம் விசிறி போல் விரிந்துவிடும். மைதா மாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசை போதும். அதை மெல்லியதாகத் தடவுங்கள்; தடித்த பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் அது பழுத்து உதிர்ந்து, காகிதத்தில் கறையை மட்டும் விட்டுச் செல்லும்.

இலையையும் பூவையும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். நாள்தோறும் தாளை மாற்றி வந்தால் பத்து நாளில் உலர்ந்துவிடும். ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சணம் பூக்கும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. இக்காலத்து ரசீதுகளிலும் பஸ் டிக்கெட்டுகளிலும் பல, மையால் அச்சாவதில்லை. தாளின் மேற்பூச்சு சூடுபட்டுக் கறுப்பதே அங்கே எழுத்தாகிறது. வெயிலிலும் வெப்பத்திலும், பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அவ்வெழுத்து மங்கிப்போகும். வெற்றுத் தாளாவதற்கு முன், ஊர், தேதி, கட்டணம் மூன்றையும் பென்சிலால் அதன் கீழே எழுதிவிடுங்கள்.