மாருதி விலைக்கு பென்ஸ் கார்! கார்ப்பெட்டை தூக்கிப் பார்த்து வாங்குங்க

பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ. கார்கள் சென்னையில் இப்போது புது மாருதி விலைக்கு கிடைக்கின்றன. புதிதாக வந்தபோது அரை கோடி ரூபாய்க்கு விலை போன வண்டிகள்! 12 வயது ஆனதும் மதிப்பு தலைகுப்புற விழுந்து விடுகிறது.

வாசலில் மூணு முனை நட்சத்திரம் போட்ட கார் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். சம்பந்தி வீட்டாரிடமும் தனி மரியாதை. ஆசை யாரை விட்டது?

புரோக்கர் வேறு தூபம் போடுவார். "சார்! இது டாக்டர் வெச்சிருந்த வண்டி. ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு. இன்னிக்கு விட்டா நாளைக்கு இருக்காது சார்" என்பார்.

சென்னையில் விலைக்கு வரும் பழைய வண்டி எல்லாம் டாக்டர் வண்டிதான். அத்தனை டாக்டர்களும் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களோ தெரியவில்லை!

காற்றுப் பை

வயதானால் காரின் விலைதான் இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. 8 லட்சம் கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருப்பது அரை கோடி ரூபாய் காரின் கியர் பாக்ஸ்தான். பழுது வந்தால் அந்த விலைக்குத்தான் பில் வரும்.

பென்ஸ் எஸ் கிளாஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஸ்பிரிங்குக்கு பதில் காற்றுப் பை. ரப்பர் வெடித்து காற்று கசிந்தால், ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். கசிவை ஈடு கட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். கடைசியில் அதுவும் படுத்துவிடும்.

2006-க்கு முந்திய பென்ஸ் இ கிளாசில் இன்னொரு வேடிக்கை. எத்தனை தடவை பிரேக்கை மிதித்தோம் என்று காரே கணக்கு வைத்திருக்கும்! கணக்கு முடிந்தால் சிவப்பு எச்சரிக்கை வரும். பிரேக் பம்ப்பையே மாற்ற வேண்டியதுதான். அப்புறம் கம்பெனியே இந்த முறையை கைவிட்டது.

பி.எம்.டபிள்யூ. கார்கள் 2007-ம் ஆண்டு முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் தயாராகின்றன. நம்ம ஊர் வண்டிதானே, செலவு குறைவு என்று கணக்கு போடாதீர்கள். 2007 முதல் 2011 வரை வந்த 2 லிட்டர் டீசல் என்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. செயின் தேய்ந்தால் என்ஜினையோ கியர் பாக்சையோ இறக்காமல் கை வைக்க முடியாது. செயின் விலையைவிட கழற்றி மாட்டும் கூலிதான் கடிக்கும்.

ஆகவே காரை பார்க்க விடியற்காலையில் போங்கள். கிளப்புவதற்கு முன்பே நில்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, குளிர்ந்த என்ஜின் பின்பக்கம் 'கர கர' என்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளத்தில் மூழ்கியதா?

எல்லாவற்றையும்விட பெரிய ஆபத்து தண்ணீர்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. 'இனி தேறாது' என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுத்து கணக்கை முடித்த கார்கள் ஏலத்துக்கு போகும். அவற்றில் சில கழுவி, துடைத்து, சென்ட் அடித்து மறுபடி சந்தைக்கு வந்துவிடும்.

சொகுசு கார் தாழ்வான கார். கம்ப்யூட்டர் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கும். பல மாடல்களில் பேட்டரியும் டிக்கியில்தான். தண்ணீர் வற்றினாலும் ஒயர் முனையில் பச்சை பிடித்து, அரித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து கண்ணாடி தானாக இறங்கும். நடுரோட்டில் வண்டி நின்றுவிடும்.

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு கோடு அதில் மறையாது. சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? டிக்கி தரையை தூக்கினால் மண் இருக்கிறதா? கார்ப்பெட்டை தூக்கி மோந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது. 'கமகம' என்று சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் அதுவும் நல்லதல்ல.

டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கை கட்டாயம் பாருங்கள். சாவி போட்டதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். இது பண விஷயம் இல்லை, உயிர் விஷயம்!

டெல்லி வண்டி

டெல்லி வட்டாரத்தில் 10 வயதை தாண்டிய டீசல் கார் ஓடுவதற்கு 2015-ல் பசுமை தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. இதனால் அங்கே அடிமாட்டு விலைக்கு போன கார்கள் பல வெளி மாநிலங்களுக்கு கிளம்பின.

அப்படிப்பட்ட வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லா சான்று வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரி தனி. இதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

15 வயது முடியப்போகும் வண்டி என்றால் ஆர்.சி.யையும் புதுப்பிக்க வேண்டும். ரூ.600 ஆக இருந்த இந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5 ஆயிரம் ஆனது. வெளிநாட்டில் இருந்து அப்படியே இறக்குமதியான கார் என்றால் ரூ.40 ஆயிரம்.

ஸ்பீடாமீட்டர் காட்டும் கிலோ மீட்டரை நம்ப வேண்டாம். சேஸிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் கணக்கை கேளுங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி இருந்தால், படிவம் 35-ம் கடன் கொடுத்தவரின் சான்றும் கைக்கு வரும் வரை முழுப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் வாங்கித் தர்றேன் சார்" என்று புரோக்கர் சொன்னால், மிச்சப் பணமும் அடுத்த வாரமே!